முழிக்கல்

அந்தச் சதுர உலகத்தைச் செய்தவர்களே,
பணகுடியிலிருந்து எழுதுகிறேன்.
காற்றாலைக் கண்காணிப்பு அறை, ராத்திரி ஷிப்ட்.
ஐப்பசி. கணவாயில் காற்று செத்துக் கிடக்கிறது.
நாற்பத்திரண்டு ஆலையும் நிற்கிறது.
ஆகையால் உங்கள் விளையாட்டில் மதகு கட்டுகிறேன்.

நானும் மேலப்பாளையம் செய்யது மசூதும்
கன்னடியன் கால்வாய் மாதிரி ஒன்றை
நாலு மாதமாய்க் கல் கல்லாக இறக்குகிறோம்.
தண்ணீர் வந்தால் கதவு தானே திறக்கணும்.
ஆசை அவ்வளவுதான்.

உங்களிடம் இருப்பது மிதிபலகை.
மிதித்தால்தான் அதற்குத் தெரியும்,
கோழி மிதித்தாலும் தெரியும்.
முந்தாநாள் ஒரு கோழியால்
எங்கள் பிசான வயல் முழுக்க வெள்ளம்.
இழுகயிறு இருக்கிறது,
அறுந்தால்தான் வாய் திறக்கும்.
நசுங்காமல், அறுபடாமல்
சும்மா பார்த்தே தெரிந்துகொள்கிற பிளாக்
உங்களிடம் இல்லை.

பெயர் நானே வைத்துவிட்டேன்: முழிக்கல்.
ஆறு கல், ஒரு கண்ணாடி, நடுவில் பல்லிவால்.
(பல்லி உங்கள் உலகத்தில் கிடையாது, தெரியும்.
அதையும் சேர்த்தே கேட்கிறேன்.)
முகம் இருக்கிற பக்கம் ஏழு கட்டம் பார்க்கட்டும்.
முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரிய வேண்டாம்;
யாருக்குத்தான் தெரிகிறது.
பக்கவாட்டில் ஒரு திருகு.
முதல் பல்லில் ஓடுகிறவன் மட்டும்.
அடுத்ததில் நடக்கிறவன், ஆடு, சரிகிற மணல்.
அப்புறம் தண்ணீர்.
இன்னும் திருகினால் நெல் வளர்வது.
கடைசிப் பல் மசூது கேட்டது:
"மலை நகருறது தெரியுமா அண்ணாச்சி?"
இவங்க மலை நகராது என்றேன்.
"அப்ப அந்தப் பல்ல உடைச்சிரச் சொல்லும்."

ஏன் கேட்கிறேன் என்றால்,
எங்கள் அறையில் அப்படியொன்று நிஜமாகவே இருக்கிறது.
மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கம்பெனி
கூரையில் பதித்த வெள்ளைக் குமிழ்
(மின்சாரம் செய்கிற இடத்தில், கவனியுங்கள்).
அசைந்தால் விளக்கு.
ஆறு நிமிஷம் அசையாவிட்டால்
ஆள் இல்லை என்று முடிவுகட்டி அணைத்துவிடும்.
கல் அடுக்கும்போது எனக்கு விரல் மட்டும்தான் அசையும்.
விரலை அது ஆளாக எடுத்துக்கொள்வதில்லை.
இருட்டில் கையைத் தூக்கி ஆட்டுவேன்,
உள்ளேன் ஐயா என்று,
நாற்பத்தாறு வயதில்.
குமிழ்மேல் ஒரு பல்லி
ஒரு சாண் ஓடினால் பளிச்சென்று எரிகிறது.
பல்லி சொன்னால் பலன் உண்டென்பார்கள்.
அசைந்தாலும் உண்டு.

திரையில் நாற்பத்திரண்டு சுழியம்.
ஆலை நிற்கிறதா, அளக்கிற கருவி போய்விட்டதா,
சுழியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.
டார்ச்சோடு இறங்கி
அண்ணாந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

மசூது ஹைகிரவுண்டில் ரத்தம் பார்க்கிறவன்.
அவசரம் என்று மணி அடித்தால்
தன் ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான்.
சதுரத் தலை, நீலச் சட்டை,
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்.
நான் அதைச் சுற்றிக் கட்டுவேன்.
சில ராத்திரி ஒரு மணி நேரம்கூட.
அன்றைக்கெல்லாம் திரும்பி வந்து ஒன்றும் சொல்லமாட்டான்,
கல்லை மட்டும் வேகமாக இறக்குவான்.

அதனால் ஒரு திருத்தம்.
முழிக்கல்லுக்கு இரண்டு வாய் வையுங்கள்.
அசைந்தால் ஒரு குறி,
எதிரே ஆள் அசையாமல் நின்றால் வேறு குறி.
யாருமே இல்லையென்றால்
அது சும்மா இருக்கட்டும்.
இந்த மூன்றையும் தயவுசெய்து குழப்பாதீர்கள்.

மணி நாலு பத்து.
அனுப்பப் போகிற நேரம் விளக்கு அணைந்துவிட்டது.
கையைத் தூக்கப் போவதில்லை.
பல்லியும் எங்கேயோ
அசையாமல்தான் இருக்கிறது.
பார்ப்போம், யார் முதலில் என்று.